இன்னொருவர் அளவுக்கு வளைத்த மட்டை

2022 நவம்பர் 9, புதன்கிழமை, காலை 7 மணி 10 நிமிடம். மூன்றாவது நாளாகத் தூறல். பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 21 டிகிரி காட்டியது. பழைய குவாரிப் பள்ளத்திலிருந்து எழுந்த மூட்டம் கோல்ஃப் மைதானத்தின் ஒன்பதாம் குழி வரைக்கும் வந்து நின்றிருந்தது. அந்த நேரத்தில்தான் இளங்கோ ஒரு பழுப்புத் தோல்பையைத் தோளில் சுமந்துகொண்டு என் வாசலில் வந்து நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கும் முன்பே பையைப் பார்த்துவிட்டேன். அதற்குள் ஏழு இரும்பு மட்டைகள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏழையும் வளைத்தது நான். அவற்றின் சொந்தக்காரர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது இரண்டு கேமராவும் ஒரு கணினியும் வந்துவிட்டன. அங்கே புதிதாகச் சேர்ந்த இருவர் இந்த மாதம் மட்டும் ஏழு முறை போன் செய்துவிட்டார்கள். ஏழு முறையும் ஒரே கேள்வி. கோல்ஃப் ஆடப் புதிதாக வருகிறவர்களுக்கு உடம்பு அளவெடுத்து மட்டை செய்து தரலாமா, கூடாதா? எனக்கு வலது காது சரியாகக் கேட்பதில்லை. இடது காதில் போனை வைத்தால் கழுத்து வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் ஊர் கம்பைநல்லூர். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு 1979இல் பெங்களூர் போனேன். ஒரு கோல்ஃப் மைதானத்தின் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்தைந்து வருடம் இருந்தேன். பிறகு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு கிரானைட் முதலாளி, கல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் விளையாடுவதற்காக ஒன்பது குழி மைதானம் ஒன்று அமைத்தார். வெளிநாட்டுக்காரர்கள் குறைந்து, மெல்ல மெல்ல டாக்டர்கள், மில் முதலாளிகள், மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்காரர்கள் ஆட வந்தார்கள். அங்கே பத்தொன்பது வருடம். ஆக நாற்பத்து நான்கு வருடம். அளவெடுத்தவர்கள் 1,846 பேர். ஒவ்வொருவருக்கும் பதினான்கு அளவுகள். எல்லாம் முப்பத்தொரு நோட்டுகளில் இருக்கின்றன. கரையான் பயத்தில் மாதம் ஒரு முறை எடுத்துப் பார்க்கிறேன்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் நஞ்சப்பா சார். பெங்களூர்ப் பட்டறைக்கு அவர்தான் தலைவர். கன்னடக்காரர், தமிழை அவருக்கு வேண்டியபடி பேசுவார். வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு நடக்கச் சொல்வார். பட்டறைக்கு முன்னால் நீளமான சிமெண்ட் நடை ஒன்று இருந்தது. அதன் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எத்தனை எட்டு என்று உதடு அசையாமல் எண்ணுவார். எண்ணி முடித்த பிறகுதான் பென்சிலை எடுப்பார். பென்சிலுக்கு இரண்டு பக்கமும் கூர் சீவி வைத்திருப்பார். ஒரு பக்கம் ஆளின் அளவுக்கு, மறுபக்கம் மட்டையின் அளவுக்கு. மாற்றி எழுதினால் அன்று முழுதும் பேச மாட்டார்.

அளவெடுப்பது இப்படி. ஆள் வெறுங்காலோடு நேராக நிற்க வேண்டும். கைகள் தொங்க வேண்டும். மணிக்கட்டு ரேகையிலிருந்து தரை வரை ஒரு அளவு. உள்ளங்கை, நடுவிரல், மோதிர விரல். பிறகு மட்டையின் அடிப்பாகத்தில் ஒரு தாளை ஒட்டி, கெட்டியான கறுப்புப் பலகைமேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வோம். பலகையில் உரசிய இடத்தில் தாளில் ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு நடுவில் விழுந்தால் மட்டையின் சாய்வு ஆளுக்குச் சரி. மட்டையின் நுனிப் பக்கம் விழுந்தால் ஆளுக்கு அது படுத்துக் கிடக்கிறது, நிமிர்த்த வேண்டும். கழுத்துப் பக்கம் விழுந்தால் விறைத்து நிற்கிறது, படுக்க வைக்க வேண்டும். மட்டையின் தலையை இடுக்கியில் கவ்வி, நீண்ட கடப்பாரை போன்ற ஒரு கம்பியால் கழுத்தை வளைப்போம். ஒரு டிகிரி, இரண்டு டிகிரி. அதற்கு மேல் போகும்போது நஞ்சப்பா சார் மூச்சை நிறுத்திக்கொள்வார்.

புதிதாக ஆட வருகிறவர்களுக்கு அவர் அளவெடுக்க மாட்டார். நடக்கச் சொல்வார், எட்டை எண்ணுவார், கடையில் விற்கும் பொது அளவு மட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். "மூணு மாசம் ஆடிட்டு வரட்டும்பா. இன்னிக்கி நிக்கறவன் வேற, மூணு மாசம் கழிச்சி நிக்கறவன் வேற. இன்னும் வராத ஆளுக்கு நீ எப்பிடி அளவு எடுப்ப? கொத்தாய்தா?" என்பார். தெரிந்ததா என்று கேட்கிறார். தெரிந்தது என்று நான் தலையாட்டினேன். பாதிதான் தெரிந்திருந்தது. மறுபாதி தெரியவர எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இனி மாதேஸ்வரன். மரவள்ளிக் கிழங்கில் ஸ்டார்ச் எடுக்கும் மில் வைத்திருந்தவர். நிலமும் நிறைய. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று நாற்பத்தேழு வயதில் எங்கள் மைதானத்துக்கு வந்தார். 2011இல் நான் அவருக்கு அளவெடுத்தேன். லாரி மோதியதில் வலது கால் 19 மில்லிமீட்டர் குட்டை. மில் எந்திரத்தில் மாட்டி வலது கை மோதிர விரலின் நுனி போயிருந்தது. மிச்ச விரலை உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருப்பார். வலது பக்கம் சாய்ந்து, கைகளைத் தாழ்த்தித்தான் அவரால் நிற்க முடியும். எங்கள் பட்டறை முன்னாலும் அப்படி ஒரு சிமெண்ட் நடை உண்டு, 46 அடி. அதைக் கடக்க அவருக்கு 23 எட்டு.

அவருக்காக ஏழு மட்டைகளின் கழுத்தையும் நான்கு டிகிரி படுக்க வைத்தேன். அரை அங்குலம் குறைத்தேன். கைப்பிடியில் மோதிர விரல் வரும் இடத்தில் தாளைச் சுற்றிச் சுற்றி ஒரு சிறு மேடு செய்தேன், மடங்கிய விரல் அதன் பக்கத்தில் ஒண்டிக்கொள்ளட்டும் என்று. பதினொரு நாள் வேலை. முடித்து அவர் கையில் கொடுத்தபோது ஒன்பது பந்து அடித்தார். தாளில் ஒன்பது கோடும் நடுவில். அந்தத் தாளை நோட்டில் ஒட்டி வைத்தேன்.

"ஏம்பா ஃபிட்டரு, எங்கால நீட்டி வுட்டுட்டியா?" என்று கேட்டார். என் வேலைக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் நினைவில் வைத்திருப்பது அது ஒன்றுதான்.

அவர் மகன்தான் அந்தத் தூறல் நாளில் வந்த இளங்கோ. இருபத்தொன்பது வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். மில்லுக்கு வர மாட்டேன் என்று சொன்னதால் அப்பாவும் மகனும் மூன்று வருடம் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே மாரடைப்பில் அப்பா போய்விட்டார். பிறகு மகன் வேலையை விட்டுவிட்டு மில்லுக்கே வந்து உட்கார்ந்தார்.

"கோல்ஃப் கத்துக்கலாம்னு இருக்கறங்க சார். இதுவரைக்கும் தொட்டதில்ல. இது அப்பாவோடது. எனக்கு அளவெடுத்து மாத்தணுமா, இல்ல இப்பிடியே ஆடலாமா?"

நடக்கச் சொன்னேன். 46 அடிக்கு 19 எட்டு. உயரம் அப்பாவை விட இரண்டு அங்குலம் அதிகம். சும்மா பார்ப்போம் என்று தாளை ஒட்டி மூன்று பந்து அடிக்கச் சொன்னேன். மூன்று கோடும் நுனியில், தாளை விட்டே வெளியே போகிற மாதிரி. மட்டை அவருக்குப் படுத்துக் கிடந்தது என்பதை ஐந்தாம் வகுப்புப் பையன் கூடச் சொல்லிவிடுவான்.

நான் சொன்னது இது. "புதுசா ஆடறவங்களுக்கு அளவு வேணாம் தம்பி. மூணு மாசம் இதுலயே ஆடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

நஞ்சப்பா சார் சொல்லித் தந்தபடிதான் நான் இதைச் சொன்னதாகப் பல நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அந்த ஏழு மட்டைகள் நான் செய்ததிலேயே நல்ல வேலை. நான்கு மாதமாக அவை ஒரு மூலையில் கிடக்கின்றன என்ற நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவை மறுபடியும் பந்தில் படும் சத்தத்தைக் கேட்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

இளங்கோ மற்றவர்களைப் போல வாரத்துக்கு ஒரு நாள் வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் ஞாயிறு தவிர தினமும் வந்தார். ஒரு கூடைக்கு அறுபது பந்து, நாளுக்கு நான்கு கூடை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன் அல்லவா, வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அந்த பிப்ரவரியில் எனக்குக் கண்புரை அறுவை; அதற்கு மேல் பட்டறைக் கூரை ஒழுகல். இதெல்லாம் சாக்குதான்.

எங்கள் பயிற்சித் திடலுக்கு எதிரே குவாரியின் வெட்டிய பாறை சுவர்போல நிற்கிறது. இங்கே பந்தை அடித்தால் அங்கிருந்து ஒன்றரை விநாடியில் சத்தம் திரும்பி வரும். முதல் சத்தமும் திரும்பிய சத்தமும் ஆளுக்கு ஆள் வேறு. தலையைத் தூக்காமலே நாற்பத்தொரு பேரை என்னால் சொல்ல முடியும். 2023 ஜூன் மாதம், காலை ஒன்பதே முக்கால், நல்ல வெயில். நான் ஒரு டாக்டரின் மட்டையை இடுக்கியில் வைத்துக் குனிந்திருந்தேன். வெளியே பந்தை அடிக்கும் சத்தம். முதலில் அமுங்கிய ஒரு 'தப்'. ஒன்றரை விநாடி. பிறகு பாறையிலிருந்து, கொஞ்சம் தெளிவாக, அதே 'தப்'.

மாதேஸ்வரன் வந்துவிட்டார், இந்தப் பந்து கொஞ்சம் இடப்பக்கம் போயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கம்பியை அழுத்தினேன். அடுத்த பந்தும் அதே சத்தம். ஏழாவது பந்தில்தான், அவர் இறந்து பதினொரு மாதம் ஆகிறது என்பது எனக்கு உறைத்தது. கம்பியை விட்டுவிட்டேன். ஆனால் வெளியே போய்ப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்று பந்து வரை எண்ணினேன். ஒன்றாவது வேறு மாதிரி இருக்கும் என்று காத்திருந்தேன். இல்லை.

அப்போது சின்னப்பொண்ணு உள்ளே வந்தாள். பந்து பொறுக்குகிறவள்; என்னை விட நான்கு வயது சின்னவள். காலிக் கூடையை வாசலில் போட்டாள்.

"ஃபிட்டரய்யா, நீங்க கொஞ்சம் வந்து பாருங்க. நான் அந்தப் பக்கம் போவ மாட்டேன்."

"ஏன், பாம்பா?"

"பாம்புன்னா அடிச்சிப் போட்டுட்டுப் போவேன். செத்தவரு அடிக்கற பந்தப் பொறுக்குனா கூலி யாருங்க குடுப்பாங்க?"

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் கூடையை எடுக்கவில்லை. நான் போனேன்.

இளங்கோ எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். வலது இடுப்பு இறங்கியிருந்தது. கைகள் தாழ்ந்திருந்தன. பந்தை அடித்துவிட்டு அது போகும் திசையைப் பார்க்காமல் மட்டையின் தலையைத் தூக்கிப் பார்த்தார். மாதேஸ்வரனின் பழக்கம் அது. நான் வந்த சத்தம் கேட்டுத் திரும்பாமலே சொன்னார்.

"ஏம்பா ஃபிட்டரு, பிடி கொஞ்சம் வழுக்குது."

பிறகு திரும்பினார். என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சாரி சார். என்னமோ நெனப்புல வந்துடுச்சி" என்றார். அப்பா என்னை எப்படிக் கூப்பிடுவார் என்பதை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை அவர் இந்த மைதானத்துக்கு ஒரு முறை கூட வந்ததில்லை. வீட்டில் எப்போதாவது என்னைப் பற்றிப் பேச்சு வந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்று வரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான்காம் நாள் அவர் அம்மா கௌரம்மாள் மில் காரில் வந்து இறங்கினார். மகனையும் கூடவே அழைத்து வந்திருந்தார். பட்டறைக்குள் வந்து ஒரு நிமிடம் நின்று இடுக்கியையும் கம்பியையும் பார்த்தார்.

"இங்கதான் அவருக்கு அளவெடுத்தீங்களாங்க?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்கதான் சொல்லணும். எம்மவன் சாப்புடறதப் பாத்தீங்கன்னா, இந்த வெரல மடக்கி வெச்சிக்கிட்டுச் சாப்புடறான். மடக்காதடான்னா, எங்க மடக்குறேன்னு கேக்கறான். அவனுக்கு வெரலு முழுசா இருக்குதுங்க. காலுல ஒரு கொறையும் கெடையாது. களத்துல நடந்து வர்றப்ப நான் அடுப்பங்கரையில இருந்து பாக்கறேன், எங்கூட்டுக்காரரு வர்றாரு. ரெண்டு தடவ தண்ணிச் சொம்ப எடுத்துக்கிட்டு எந்திரிச்சிட்டன்."

"அம்மா, சும்மா இரு" என்றார் இளங்கோ. "இடுப்புல கொஞ்சம் புடிப்பு. அவ்வளவுதான். ஆட்டம் எவ்வளவு நல்லா வருது தெரியுமா?"

"உன் ஆட்டம் நாசமாப் போவ. ராத்திரி படுத்தா எந்திரிக்க முடியாம கட்டிலப் புடிச்சிக்கிட்டு நிக்கறியே, அதச் சொல்லு அய்யாகிட்ட."

மட்டையின் அடியில் தாளை ஒட்டி, பலகையை விரித்து, ஒன்பது பந்து அடிக்கச் சொன்னேன். அடித்தார். தாளை உரித்து மேசையில் வைத்தேன். ஒன்பது கோடும் நடுவில்.

என் தொழிலில் இதை விட நல்ல செய்தி கிடையாது. நடுவில் கோடு விழுந்தால் கைகுலுக்கி அனுப்பிவிடுவோம். நான் 2011ஆம் வருட நோட்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த தாளை ஓரத்தில் மெல்லக் கிளப்பி, புதுத் தாளின் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவது கோடு மட்டும் மற்றவற்றை விடச் சற்றுத் தடிமன். இரண்டு தாளிலும் மூன்றாவதுதான்.

இளங்கோ குனிந்து பார்த்தார். "அப்ப எனக்கு செட் ஆயிடுச்சில்ல சார்? நீங்க சொன்ன மாதிரி அளவே வேணாம்னு ஆயிடுச்சில்ல?"

மட்டை அவருக்குச் சேரவில்லை. ஏழு மாதத்தில் 43,680 பந்து அடித்து, அவர்தான் மட்டைக்குச் சேர்ந்திருந்தார். நஞ்சப்பா சார் சொன்னதில் எனக்குத் தெரியாமல் போன மறுபாதி அன்றுதான் தெரிந்தது. பொது அளவு மட்டை யாருடையதும் இல்லை. அதைப் புதிதாக வருகிறவன் கையில் கொடுத்தால் அவன் தன் இஷ்டத்துக்கு ஆளாகி வருவான். அளவெடுத்து வளைத்த மட்டைக்குள் ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார். அளவு தேவையில்லை என்று சொன்னது சரி. அடுத்தவர் அளவைக் கையில் கொடுத்ததுதான் தவறு. கேமரா வைத்திருக்கும் இருவருக்கும் என் பதில் இதுதான்: புதிதாக வருகிறவருக்கு அளவெடுக்க அவசரப்பட வேண்டாம், ஆனால் அவர் தூக்கி வரும் மட்டையை அதற்கு முன் யாருக்காவது வளைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கேமரா ஆளைத்தான் பார்க்கும், மட்டையின் பழைய ஆளைப் பார்க்காது.

சொன்னால் இளங்கோ நம்ப மாட்டார் என்று தெரிந்தது. வெளியே நடையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தை மிதித்து, காய்ந்த பக்கமாக அந்த முனைக்கு நடக்கச் சொன்னேன். நடந்தார். திரும்பிப் பார்க்கச் சொன்னேன்.

இடது பாதம் முழுதாக விழுந்திருந்தது. வலது பாதத்தில் முன்பக்கமும் வெளி ஓரமும் மட்டும்தான்; குதிகால் ஒரு இடத்திலும் தரையில் படவில்லை. கால் குட்டையானவர் நடக்கும் நடை. எட்டுகளை நான் எண்ணியிருந்தேன். அவரையும் எண்ணச் சொன்னேன். ஈரம் வெயிலில் காய்ந்து ஒவ்வொன்றாக மறைவதற்குள் அவர் விரல் நீட்டி எண்ணினார். இருபத்து மூன்று. நோட்டில் அவர் அப்பாவின் பக்கத்தைக் காட்டினேன். பிறகு அவருடைய பக்கத்தைக் காட்டினேன், நவம்பரில் பத்தொன்பது.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"இத விட்டா எனக்கு அவருகிட்ட இருந்து என்ன சார் இருக்குது?" என்றார் இளங்கோ. "மூணு வருசம் பேசல. கடைசியா என்ன நெனச்சாருன்னு தெரியாது. இத எடுத்துக்கிட்டு நின்னா, அவரு எங்க நின்னாரு, எங்க வலிச்சிச்சி, எல்லாம் தெரியுது. எனக்கு வேற எடத்துல தெரியல."

"அவரு உனக்கு மில்லக் குடுத்தாரு, நெலத்தக் குடுத்தாரு" என்றார் கௌரம்மாள். "அவரு இடுப்பு நோவையும் சேத்தா கேட்ட?" பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ நான் ஒளித்து வைத்திருப்பதைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். "அவர நீங்க வெச்சிக்கங்க அய்யா. எம்மவனக் குடுத்துடுங்க."

நான் ஒரு யோசனை சொன்னேன். மட்டைகளை எடுத்துப் போட வேண்டாம். கழுத்தை நிமிர்த்தி, பிடியில் இருக்கும் மேட்டை உரித்துவிட்டு, இளங்கோவின் உயரத்துக்கு மாற்றிவிடலாம். அப்பாவின் மட்டையாகவே இருக்கும், ஆனால் மகனின் அளவில். இளங்கோ தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

ஒரு முறை நான்கு டிகிரி வளைத்த கழுத்தைத் திரும்ப வளைத்தால் உடைய வாய்ப்பு உண்டு. அது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். முதலில் பிடிகளைக் கிழித்தேன். மேடு இருந்த இடத்தில் தாள் பதினொரு சுற்று. இத்தனை வருட வியர்வையில் கறுத்திருந்தது. பிறகு முதல் மட்டையை இடுக்கியில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று டிகிரி. 'டக்' என்று கழுத்து போனது. கதவு திறந்திருந்ததால் அந்தச் சத்தமும் குவாரிக்குப் போய்த் திரும்பி வந்தது. இரண்டாவது தாங்கியது. மூன்றாவது உடைந்தது. நான்காவதும் உடைந்தது.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "போதும்பா ஃபிட்டரு. நிறுத்து."

இளங்கோவின் குரல் மெல்லியது. இது அந்தக் குரல் இல்லை. கௌரம்மாள் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கை நின்றிருக்கும். ஐந்தாவதை எடுத்து இடுக்கியில் வைத்தேன். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் தாங்கின. நாற்பத்து நான்கு வருடத்தில் ஒரு வாடிக்கையாளர் நிறுத்தச் சொல்லி நான் நிறுத்தாமல் வேலை செய்தது அந்த ஒரு முறைதான். சொன்னது எந்த வாடிக்கையாளர் என்று எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது.

முடித்துவிட்டுத் திரும்பியபோது இளங்கோ சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலி வந்த குழந்தை அழுவது போல வாய் திறந்து அழுதார். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் வெளியே போய் வாளியைக் கழுவினேன். கழுவ வேண்டிய அவசியம் இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது.

மூன்று போனால் மிச்சம் நான்கை வைத்து ஆட முடியாது. அடுத்த வாரம் பொது அளவில் ஒன்பது மட்டை வாங்கி, புதுப் பிடி போட்டு, நானே மில்லில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தருமபுரியில் ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் இடுப்புக்கும் காலுக்கும் நாற்பது முறை, விரலுக்கு ஆறு முறை என்று முன்பணம் கட்டிவிட்டு, கட்டியாகிவிட்டது என்று பிறகுதான் சொன்னேன். கேட்டிருந்தால் அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள். வசதியான குடும்பம். ஆனால் அளவு வேண்டாம் என்று சொன்ன வாய் என்னுடையது.

பதினான்கு முறை நான் கூடவே பஸ்ஸில் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் பட்டறை நடையில் நடக்கச் சொல்லி எண்ணினேன். ஆகஸ்டில் 22. அக்டோபரில் 21. டிசம்பரில், நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று நாள் முன்பு, 20. குதிகால் தரையில் பட்டது. பத்தொன்பதுக்கு இன்னும் ஒன்று பாக்கி. டாக்டர் அது போதும் என்றார். அவர் எண்ணுகிறவர் இல்லை. இளங்கோ இப்போது வாரம் ஒரு நாள் ஆடுகிறார். சுமாராகத்தான் ஆடுகிறார். பந்து போகிற திசையைப் பார்க்கிறார்.

விரல் மட்டும் நிமிரவில்லை. அதற்கான முதல் நாளுக்கு அவர்கள் வரவில்லை. நான் கௌரம்மாளுக்குப் போன் செய்தேன். இடது காதில் வைத்துத்தான் கேட்டேன், அதனால் தவறாகக் கேட்டிருக்க வழியில்லை.

"காலு சரியாயிடுச்சிங்க அய்யா. நடந்து வந்தா இப்ப எம்மவன்தான் வர்றான்" என்றார். பின்னால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "வெரலு இருந்துட்டுப் போவட்டுங்க. சாப்புடறப்ப மட்டுந்தான். அதுக்கு வைத்தியம் வேணாங்க."

விரலுக்குக் கட்டிய முன்பணத்தை அந்த டாக்டர் திருப்பித் தரவில்லை. மட்டைகள் 46,500, பிடி ஒன்பது, ஒன்று 420 வீதம் 3,780, இடுப்புக்கும் காலுக்கும் நாற்பது முறை, 350 வீதம் 14,000, விரலுக்கு, யாரும் போகாத ஆறு முறை, 2,100, பஸ் பதினான்கு முறை, 64 வீதம் 896. ஆக மொத்தம் 67,276 ரூபாய்.